இரண்டாவது விருப்பு

சேரம்பாடி ஏழாம் நம்பர் லைனில்
நெட்வொர்க் கிடைப்பது ஒரே இடத்தில்:
தண்ணீர்த் தொட்டி தாண்டி இரண்டாம் வளைவு,
பலா மரத்தடி.
யானைக்கும் அதே இடம்தான்.
பழம் முடிந்துவிட்டது, அது இன்னும் நம்பவில்லை.

பதினெட்டு நாள் இருக்கிறது.
ராத்திரி ஷிப்டுக்குப் போகிற வழியில் நின்று
யோகமலரின் குரல் செய்திகளை இறக்குகிறேன்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பீடி நேரம்.

"அண்ணே, இன்னைக்குக் குடைச் சின்னத்துக்காரரு வர்றதா இருந்துச்சு.
ஹெலிகாப்டர் இறங்கப் பந்தடிக்கிற திடல்ல
சுண்ணாம்பு வட்டம் போட்டாங்க.
மேகம் விடல. சுத்திட்டுப் போயிருச்சு.
வட்டம் கெடக்கு.
பிள்ளைக அதுக்குள்ள நின்னு கிளித்தட்டு ஆடுதுக."

மறுநாள் சேவல் சின்னம்.
நாள் சம்பளம் இவ்வளவு என்றாராம்.
அடுத்த வேன் அதற்கு மேல் நூறு.
அதற்கடுத்தது இன்னும் ஐம்பது.
"ஏலம் போறது தேயிலையா, நாங்களா?"
சிரித்துவிட்டுத்தான் கேட்டாள்.

அறுபத்தொன்பதில்
ஒரே மேசையில், ஒரே மைப்பெட்டியில்
அப்பா ஒரு பாரத்தில் பெருவிரல் வைத்தார்,
சித்தப்பா வேறு பாரத்தில்.
அவள் ஹட்டனுக்கு மேலே கொழுந்து பறிக்கிறாள்.
நான் இங்கே அதை வாடப்போட்டு அரைக்கிறேன்.
அதே கொழுந்தையல்ல. சொல்ல வந்தது அதுவல்ல.

டீக்கடை மொய்துட்டிக்கா கேட்டார்:
"நம்ம நாட்டு ஜனாதிபதிக்கே நமக்கு ஓட்டில்ல.
நீ எந்த ஊர் ஜனாதிபதிக்கு
விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்க?"
சர்க்கரை குறைத்துப் போடச் சொன்னேன்.

பத்து நாள்.
"புள்ளடி போடுறதா, நம்பர் போடுறதா?
ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா போடலாமாமே,
போட்டா செல்லாமப் போயிருமா?"
அங்கே ஒரு வாக்கும் இல்லாத நான்
மூன்று வீடியோ பார்த்து, தாளில் கோடிழுத்து,
மரத்தடியில் நின்று வாத்தியார் மாதிரி பேசினேன்:
பிடித்த ஆளுக்கு ஒன்று.
யாரும் பாதியைத் தாண்டாமல்
உன் ஆளும் முதல் இரண்டு இடத்தில் இல்லாமல் போனால்தான்
உன் இரண்டைத் தேடுவார்கள்.
புள்ளடியையும் நம்பரையும் கலக்காதே,
அப்புறம்

மூங்கில் முறிந்தது.
டார்ச்சை அணைத்தேன்.
விரல் மட்டும் பொத்தானிலிருந்து எடுபடவில்லை.

பதில் காலையில் வந்தது:
"நாலு நிமிசம் சத்தமே இல்ல.
இடையில யாரோ பெருசா மூச்சு விடுறாங்க.
அதுவா?"
அதுதான் என்றேன்.
"எங்களுக்குச் சிறுத்தை.
இந்த மாசத்துல ஓட்டுக் கேக்காம லைனுக்கு வந்தது
அது ஒண்ணுதான்."

கடைசி இரண்டு நாள் பிரசாரம் கிடையாது.
அவளிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை.
ஒருவேளை சட்டம் குரல் செய்திக்கும் என்று நினைத்தாளோ.
ஆனாலும் வளைவில் நின்றேன்.
இரண்டு பீடி.

சனிக்கிழமை பகலில் ஒரு படம்:
கறை படிந்த சுண்டுவிரல்,
பின்னால் மங்கலாகப் பள்ளிக்கூடச் சுவர்.
அங்கே சுண்டுவிரல்தானாம்.
எனக்கு ஆட்காட்டி விரலில் ஏப்ரலில் வைத்த மை
வளர்ந்து வளர்ந்து நகத்து நுனிக்கு வந்து
நூல் கனத்தில் நிற்கிறது.
போன ஞாயிறே வெட்டியிருக்க வேண்டும்.

ஒன்று யாருக்கு என்று
மூன்று தடவை கேட்டேன்.
"அத கேக்கக் கூடாது.
ரெண்டு யாருக்குன்னு வேணா சொல்றேன்."
சொன்னாள்.
அது நான் நினைத்திருந்த ஆள் இல்லை.

ஷிப்டுச் சங்கு ஊதிவிட்டது.
கடைப் பலகையைப் பாதி போட்டுவிட்டு
தெருவுக்கே வந்து நின்று
மொய்துட்டிக்கா கேட்கிறார்:
"எண்ண ஆரம்பிச்சாச்சா?
நம்ம ஆள் எப்படி?"